ஓட்டு வீட்டுக்கு ஏ.வி. ரிசீவர்: எது வேண்டும், எது வெறும் ஸ்டிக்கர்?

பனச்சமூட்டான்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு பனச்சமூட்டுப் பக்கம். வீடு தமிழ்நாட்டில், சாயா குடிக்கப் போகும் கடை கேரளாவில். நடந்து போய்விட்டு வரும் தூரம்தான்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி விழுந்ததில், பெட்டியோடு ஸ்பீக்கரும் சேர்த்து விற்பார்களே, அந்தப் பழைய ஹோம் தியேட்டர் செட் போய்விட்டது. டிவி தப்பியது, ஆனால் ஒரு எச்டிஎம்ஐ போர்ட் செத்துவிட்டது. ஆறு மாதமாக டிவியின் சொந்த ஸ்பீக்கரில் படம் பார்த்து வெறுத்துப்போய், இப்போது ஒழுங்காக ஒரு ஏ.வி. ரிசீவர், அதாவது டிவி, ப்ளேயர் எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கி ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி, வாங்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். ஸ்பீக்கர், சப்வூஃபர் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டக் கூடாது.

திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைப்பையன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை மந்திரம் போல ஒப்பித்தான். 8கே, அட்மாஸ், டிடிஎஸ் எக்ஸ், 7.2, இஆர்க், விஆர்ஆர், ரூம் கரெக்ஷன், ஜோன் 2. "இதில் எனக்கு எது தேவை?" என்று கேட்டதற்கு "எல்லாமே இருக்கு சார்" என்றான்.

எங்கள் ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம். மேலே ஓடு, சரிவான கூரை. பார்ப்பது பெரும்பாலும் ஓடிடி, கையில் ஒரு முப்பது ப்ளூரே டிஸ்க் இருக்கிறது. அப்பாவுக்கு மலையாளச் செய்தி, அம்மாவுக்குத் தமிழ் சீரியல். கேம் விளையாட ஆள் இல்லை. துபாயில் இருக்கும் மாமா, "அங்கே விலை குறைவு, நான் வரும்போது கொண்டு வருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

சவுண்டுப்பைத்தியம் (கொழிஞ்சாம்பாறை)

வாங்க பனச்சமூட்டான். நல்ல வேளை, வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்கள். இங்கே பாதிப் பேர் வாங்கி, காசைக் கட்டிவிட்டு, பெட்டியைப் பிரித்த பிறகுதான் கேட்கிறார்கள்.

முதலில் கூரை. அட்மாஸ் என்றால் தலைக்கு மேலிருந்தும் சத்தம் வர வேண்டும். அதற்காகக் கடையில் ஸ்பீக்கரின் தலையில் இன்னொரு ஸ்பீக்கர் வைத்த மாதிரி ஒன்றைக் காட்டுவார்கள். அது சத்தத்தை மேலே அனுப்பும், அது கூரையில் பட்டுத் தெறித்து நம் காதுக்கு வரும். பந்தைத் தரையில் தட்டுவது போலத்தான். கூரை சமமாக இருந்தால் தெறித்த சத்தம் உங்களிடம் வரும். சரிவான ஓட்டில் பட்டால் எங்கேயோ போய்விடும். அதிலும் ஓட்டுக்கு அடியில் மச்சு இல்லாவிட்டால் கைமரங்களும் பட்டியலும் ஓட்டின் மடிப்பும் சேர்ந்து மிச்சத்தையும் சிதறடித்துவிடும். அந்தக் காசை அதில் போடாதீர்கள்.

உங்களுக்கு உயர ஸ்பீக்கர் வேண்டுமென்றால் முன் சுவரில், இடமும் வலமுமாக, முடிந்த அளவு உயரத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கரை ஆணி அடித்து மாட்டலாம். ரிசீவரில் அதை "ஃப்ரண்ட் ஹைட்" என்று சொல்லிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் என் யோசனை, முதலில் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கு ஒரு சப்வூஃபரும், போட்டு முடியுங்கள். 7 சேனல் ரிசீவராக எடுத்தால் மீதி இரண்டு சேனல் அப்புறம் உதவும். வயரை மட்டும் இப்போதே இழுத்து வைத்துவிடுங்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போதும், தங்க முலாம் கதையெல்லாம் வேண்டாம்.

அடுத்து இஆர்க். இதைப் பற்றி நிறைய குழப்பம் இருக்கிறது. டிவியில் உள்ள ஆப்பில் படம் ஓடும்போது அந்தச் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும் இல்லையா, அந்தத் திரும்பும் பாதைதான் ஆர்க். 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இலிருந்தே இருக்கிறது. இஆர்க் என்பது எச்டிஎம்ஐ 2.1-உடன் 2017-ல் வந்த அகலப் பாதை. பழைய ஆர்க்கில் ஏறத்தாழ 1 எம்பிபிஎஸ் போகும், இஆர்க்கில் 37 வரை போகும்.

அப்படியானால் இஆர்க் கட்டாயமா? ஓடிடி மட்டும் பார்ப்பவருக்கு இல்லை. நெட்ஃபிளிக்ஸ் அட்மாஸ் சத்தமே அதிகபட்சம் 768 கேபிபிஎஸ்தான், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற பொட்டலத்தில் வரும். டிவி ஒத்துழைத்தால் பழைய ஆர்க்கிலேயே அது போய்விடும். ப்ளூரே டிஸ்கில் உள்ள ட்ரூஎச்டி போன்ற பெரிய சத்தத்துக்குத்தான் அகலப் பாதை வேண்டும். அதற்கும் ப்ளேயரை டிவியில் செருகாமல் நேராக ரிசீவரிலேயே செருகிவிட்டால் இஆர்க் தேவையே இல்லை. இன்று வரும் ரிசீவர் பெரும்பாலானவற்றில் இஆர்க் இருக்கிறது, அதனால் அதற்கென்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

8கே, ஜோன் 2 இரண்டையும் மறந்துவிடுங்கள். சமையலறையில் தனியாகப் பாட்டு ஓடவேண்டும் என்று அம்மா கேட்டால் மட்டும் ஜோன் 2 பற்றிப் பேசலாம்.

நகரிக்காரன்

சரி, எல்லாம் சொன்னீர்கள், வாட்ஸ் பற்றி ஒருவரும் பேசவில்லையே? நான் புத்தூரில் வாங்கிய செட்டில் 1000 வாட் என்று போட்டிருந்தது. ரிசீவர் எல்லாம் 80 வாட், 90 வாட் என்கிறார்கள். விலையோ மூன்று மடங்கு. இது என்ன கணக்கு?

சவுண்டுப்பைத்தியம் (கொழிஞ்சாம்பாறை)

நகரி அண்ணே, அந்த 1000-ஐ எப்படி எண்ணினார்கள் என்று பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, ஒரே ஒரு சுருதியை மட்டும் கொடுத்து, சத்தம் பத்து சதவீதம் கெட்டுப்போகும் வரை முறுக்கி அளந்தால் பெரிய எண் கிடைக்கும். அதை ஐந்தால் பெருக்கினால் இன்னும் பெரிய எண். ஒழுங்கான ரிசீவரின் தாளில் "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது, 0.08 சதவீதச் சிதைவுக்குள் 80 வாட்" என்று இருக்கும். இந்த 80 நிஜமான 80. அந்த 1000 எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 80 வாட்டுக்கும் 90 வாட்டுக்கும் வித்தியாசம் அரை டெசிபல். அதற்காக அடுத்த மாடலுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சென்சிடிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) 88 டெசிபல் உள்ள ஸ்பீக்கர் என்றால், பத்தடி தூரத்தில் 16 வாட்டிலேயே 90 டெசிபல் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்கு அது போதும்.

நகரிக்காரன்

அப்போ என் 1000 வாட்?

சவுண்டுப்பைத்தியம் (கொழிஞ்சாம்பாறை)

சந்தோஷமாகக் கேளுங்கள் அண்ணே. கேட்டுவிட்டீர்கள் என்பதால் சொன்னேன்.

சாரல்கேமர் (செங்கோட்டை)

கேம் இல்லை என்று சொல்லிவிட்டார், அதனால் எனக்கு இங்கே வேலை இல்லை. இருந்தாலும் பின்னால் இந்த இழையைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று. "எச்டிஎம்ஐ 2.1" என்ற ஒரே பெயருக்குள் 24, 32, 40, 48 ஜிபிபிஎஸ் என்று பல வேகங்கள் ஒளிந்திருக்கின்றன. பழைய 2.0 என்றால் 18. 2020-ல் வந்த முதல் வரிசை ரிசீவர்கள் சிலவற்றில், ஒரு சிப் கோளாறால் சில கருவிகளிலிருந்து வரும் 4கே 120 (நொடிக்கு 120 படம்) சிக்னல் போகாமல் திரை கருப்பாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் அந்த வருடத்து மாடல் மலிவாகக் கிடைத்தால் விசாரித்து வாங்குங்கள். நான் அந்த வம்பே வேண்டாம் என்று கேம் பெட்டியை டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் இஆர்க்கில் ரிசீவருக்கு அனுப்புகிறேன். அந்த வழிக்குத்தான் இஆர்க் உண்மையில் பிரயோஜனம்.

அப்புறம் பனச்சமூட்டான் அண்ணே, துபாய் விஷயம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், கரண்டுப் பிரச்சினை இல்லை. ஆனால் இங்கே வாரன்டி கேட்க முடியாது. அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டு வந்தால் அது 120 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் காலமெல்லாம் கட்டி அழ வேண்டும். என் சித்தப்பா அதைப் போடாமல் ஒரே ஒருமுறை செருகினார். கதை அவ்வளவுதான்.

மாமா ப்ளூரே ப்ளேயரும் கொண்டு வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வளைகுடா நாடுகள் ரீஜன் பி, இந்தியா ரீஜன் சி. ரீஜன் பூட்டு உள்ள டிஸ்க் ஓடாது.

பழையசோல்டர் (நாகர்கோவில்)

தம்பி, எல்லாரும் என்ன வாங்குவது என்று சொல்கிறார்கள். வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது என்று நான் சொல்கிறேன். முப்பது வருடமாக இதைத்தான் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பெட்டியின் மேல் இடி விழவில்லை. பக்கத்துத் தென்னையிலோ போஸ்டிலோ விழுந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன் என்று எல்லாரும் சொல்வார்கள். சரி, கேபிள் டிவி வயரைப் பிடுங்கினீர்களா? அதை யாரும் பிடுங்க மாட்டார்கள். தெருவெல்லாம் தொங்கிக்கொண்டு வருகிற வயர் அது. அதில் ஏறும் மின்சாரம் செட்டாப் பாக்ஸுக்குள் வரும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவி, டிவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ வழியாக ஹோம் தியேட்டர். உங்கள் டிவியில் ஒரே ஒரு போர்ட் மட்டும் செத்தது என்றீர்களே, அதுதான் அது வந்துபோன வழி.

எச்டிஎம்ஐ சிப் ஐந்து வோல்ட்டுக்குப் பழகிய பூஞ்சை உடம்பு. ரிசீவரில் ஆம்ப்ளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் கல்லு மாதிரி இருக்கும், எச்டிஎம்ஐ போர்டு மட்டும் போயிருக்கும். அந்த போர்டின் விலையைக் கேட்டால் புதிதே வாங்கிவிடலாம் போல இருக்கும்.

நம் பக்கத்தில் சித்திரை, வைகாசி மாலையிலும், ஐப்பசி, கார்த்திகை மாலையிலும்தான் அதிக ஆபத்து. மேற்கே மலை கறுத்தால் பிளக், கேபிள் வயர், லேன் வயர் மூன்றையும் கழற்றுங்கள். ஒரே இழுப்பில் மூன்றும் வருகிற மாதிரி கை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அலமாரிக்குப் பின்னால் ஒளித்தால் அவசரத்துக்குக் கழற்ற மாட்டீர்கள். கேபிளை விட்டு ஃபைபர் இணைப்புக்கு மாறினால் பாதி கவலை தீரும், கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது.

ஸ்பைக் பஸ்டர் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு எர்த் சரியில்லாவிட்டால் அதுவும் ஒரு பெட்டிதான். எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இப்போது யாருக்கு இருக்கிறது?

சவுண்டுப்பைத்தியம் (கொழிஞ்சாம்பாறை)

பழையசோல்டர் அண்ணாச்சி சொன்னதைப் பிரின்ட் எடுத்து ஒட்டிவைக்க வேண்டும்.

நான் விட்ட இடத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் ரிசீவரில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரே வசதி ரூம் கரெக்ஷன். மற்றதெல்லாம் இப்போது பெரும்பாலான பெட்டிகளில் தானாகவே வருகிறது. பெட்டியோடு ஒரு மைக் வரும். உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் "விய்ங்" என்று ஒரு சத்தம் போட்டு, அது எவ்வளவு நேரத்தில் வந்தது, எவ்வளவு பலமாக வந்தது, உங்கள் அறை எந்தச் சுருதியைத் தூக்குகிறது, எதை அமுக்குகிறது என்று எல்லாம் கணக்கெடுக்கும். டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ. ஆன்கியோவின் சில மாடல்களில் ஸ்வீடன்காரர்களின் டிராக் உள்ளேயே வரும். டெனானில் டிராக் வேண்டுமென்றால் பெரிய மாடலாக வாங்கி, அதற்கு மேல் லைசன்ஸுக்குத் தனியாகக் கட்ட வேண்டும், உங்கள் பட்ஜெட்டில் நிற்காது. ஆடிஸியிலும் சாதா, எக்ஸ்டி, எக்ஸ்டி32 என்று படிகள் உண்டு. குறைந்தது எக்ஸ்டி உள்ளதாகப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஹால் 14 அடி. அந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கும். இரண்டு சுவருக்கும் பக்கத்தில் அந்த பேஸ் குடமுருட்டும், நடு ஹாலில் காணாமல் போகும். எந்தக் கம்பெனி சப் வாங்கினாலும் இப்படித்தான், இது சுவர் செய்கிற வேலை. சோபாவை ஹாலின் சரியான நடுவில் மட்டும் போடாதீர்கள். தூக்கிய இடத்தை ரிசீவர் வெட்டித் தரும், ஆனால் காணாமல் போன இடத்தை நிரப்ப அதனால் முடியாது.

பனச்சமூட்டான்

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. பழையசோல்டர் அண்ணாச்சி, பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன். கேபிள் வயரைப் பிடுங்கவில்லை. எங்கள் வீட்டில் சிசிடிவி வைத்துப் பார்த்த மாதிரி எழுதிவிட்டீர்கள்.

எனக்கு இன்னொரு கவலை. அம்மா சீரியல் பார்க்க ரிசீவரையும் ஆன் செய்ய வேண்டுமா? மூன்று ரிமோட் என்றால் என் நிலைமை இந்த வீட்டில் மோசமாகிவிடும்.

சாரல்கேமர் (செங்கோட்டை)

வேண்டாம். "எச்டிஎம்ஐ பாஸ் த்ரூ" என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ரிசீவர் தூங்கும்போதும் செட்டாப் பாக்ஸின் படமும் சத்தமும் அதன் வழியாக டிவிக்குப் போய்க்கொண்டே இருக்கும். கூடவே சிஇசி என்பதையும் ஆன் செய்யுங்கள். டிவி ரிமோட்டிலேயே ரிசீவரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். டிவியை அணைத்தால் ரிசீவரும் அணையும். என் பாட்டி இரண்டு வருடமாக ரிசீவர் என்று ஒன்று வீட்டில் இருப்பது தெரியாமலேயே பார்க்கிறார்.

பழையசோல்டர் (நாகர்கோவில்)

பாஸ் த்ரூ போட்டால் பெட்டி இரவெல்லாம் லேசான சூட்டில் இருக்கும். மழைக்காலத்தில் அந்தச் சூட்டைத் தேடி யார் வருவார் தெரியுமா? பல்லி. மேல் துளை வழியாக இறங்கி, பவர் போர்டில் இரண்டு முனைக்கு நடுவில் படுத்துவிடும். அதுவும் போய், போர்டையும் கொண்டுபோய்விடும். என் பெஞ்சுக்கு இடியால் வந்ததை விடப் பல்லியால் வந்தது அதிகம். ஓட்டு வீடு வேறு. அலமாரியின் திறந்த பக்கங்களில் நைலான் கொசுவலை அடித்துவிடுங்கள். பெட்டியின் துளைகள் மேலேயே வலையைப் போர்த்தாதீர்கள், சூடு வெளியேறாது. பெட்டிக்கு மேலே அரையடியாவது காலி இடம் வேண்டும். டாய்லி, பிளாஸ்டிக் பூ, குலதெய்வப் படம் எதுவும் அதன் தலையில் வேண்டாம்.

கம்மலிட்டவள் (போடிநாயக்கனூர்)

ஆறு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவள், பல்லியைப் பற்றிப் பேசியதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டு ரிசீவருக்குள் போனது எறும்பு. ஏலக்காய் மூட்டையை அதே அறையில் வைத்ததுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்கிறார். எறும்பு ஏலக்காய்க்கு வந்ததா, ரிசீவருக்கு வந்ததா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

பனச்சமூட்டான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வாங்கிவிட்டேன்.

மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கேயே வாரன்டியோடு ஒரு டெனான் 7.2 எடுத்தேன், ஆடிஸி எக்ஸ்டி உள்ளது. முன்னால் இரண்டு ஸ்பீக்கர், ஒரு சென்டர், பின்னால் இரண்டு சின்னது, ஒரு பத்து இஞ்ச் சப். ஓட்டுக்கு அடியில் உயர ஸ்பீக்கருக்கு வயர் மட்டும் சுருட்டிக் கட்டித் தொங்குகிறது.

சப் எங்கே வைப்பது என்று தேடும்போது, சப்பை சோபாவில் உட்கார வைத்துவிட்டு நாம் தரையில் தவழ்ந்து எங்கே பேஸ் நன்றாகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். அப்படியே செய்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, கம்மல் திருகாணி எதுவும் விழுந்துட்டா?" என்று கேட்டு, அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் கிடைத்த இடம் டிவிக்கு இடப்பக்க மூலையிலிருந்து இரண்டடி தள்ளி. மூலையிலேயே வைத்தபோது எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி "டும்" என்று கேட்டது.

அடுத்தது மைக். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். "சுற்றுப்புறச் சத்தம் அதிகம்" என்று நிறுத்திவிட்டது. ஃபேனை அணைத்தேன், மறுபடியும் அதே. ஃபிரிட்ஜை அணைத்தேன், அதே. வெளியே வந்து நின்றபோதுதான் புரிந்தது, அன்று மழை விட்டிருந்தது, கிணற்றடியில் தவளைக் கச்சேரி. நாலு நாள் பொறுத்து, மழை இல்லாத ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, எல்லாக் கதவும் சாத்தி, கேமரா ஸ்டாண்டில் மைக்கை மாட்டி எட்டு இடத்தில் அளந்தேன். ஐந்தாவது இடத்தில் அப்பா இருமினார். அதை மட்டும் திரும்ப எடுத்தேன்.

இப்போது மூன்று சந்தேகம். ஒன்று, முன் ஸ்பீக்கரை "லார்ஜ்" என்று போட்டிருக்கிறது. இரண்டு, சப் என்னிடமிருந்து ஒன்பது அடி, ரிசீவர் பதின்மூன்று அடி என்கிறது. மூன்று, வால்யூம் மைனஸ் 30 என்று காட்டுகிறது. அப்பா பார்த்துவிட்டு "மைனஸ் என்றால் கடனா?" என்கிறார்.

சவுண்டுப்பைத்தியம் (கொழிஞ்சாம்பாறை)

அப்பாவுக்கு என் வணக்கம்.

லார்ஜை ஸ்மாலாக மாற்றுங்கள், கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஸ்மால் என்றால் ஸ்பீக்கரைக் குறைத்து மதிப்பிடுவது என்று நினைக்காதீர்கள். 80-க்குக் கீழே உள்ள பளுவைச் சப்பிடம் கொடு, நீ மீதியைப் பார் என்று வேலை பிரித்துக் கொடுப்பதுதான். ரிசீவருக்கும் மூச்சு வாங்காது. பின் ஸ்பீக்கருக்கு அது 120 என்று கண்டுபிடித்திருந்தால் அதை விடுங்கள், அளந்ததற்குக் கீழே இறக்காதீர்கள். மேலே ஏற்றலாம்.

சப்பின் பதின்மூன்று அடி தப்பில்லை. ரிசீவர் டேப் வைத்து அளக்கவில்லை, நேரத்தை அளக்கிறது. சத்தம் ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ ஒரு அடி ஓடும். சப்புக்குள் உள்ள சர்க்யூட்டே நாலு மில்லி செகண்ட் தாமதம் செய்தால் அதுவும் நாலடி தூரமாகத் தெரியும். கை வைக்காதீர்கள். "சரி செய்கிறேன்" என்று ஒன்பது போட்டுக் கெடுத்தவர்கள் பலர், நானும் ஒருவன்.

மைனஸ் கடன்தான், ஒரு வகையில். பூஜ்யம் என்பது சினிமா தியேட்டரின் அளவு. சராசரி 85 டெசிபல், அதற்கு மேல் ஒவ்வொரு சேனலும் 105 வரை எகிற இடம். அதிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறீர்கள் என்பதைத்தான் மைனஸ் காட்டுகிறது. வீட்டில் மைனஸ் 20-க்கு மேல் போனால் ஓட்டில் உள்ள தூசி சாயாவில் விழும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் குறைவாகக் கேட்கும், அதை ஈடுகட்ட "டைனமிக் ஈக்யூ" ஆன் செய்யுங்கள். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பார்க்க "டைனமிக் வால்யூம்". வெடிச் சத்தத்தை அடக்கி, பேச்சைத் தூக்கும். பகலில் அதை அணைத்துவிடுங்கள், படத்தின் உயிரே போய்விடும்.

பனச்சமூட்டான்

80 போட்டேன். முன்னால் வெறும் சத்தமாக இருந்தது, இப்போது மழைக் காட்சியில் இடி சப்பிலிருந்து வருகிறது என்று தெரியவே இல்லை, திரைக்குள்ளிருந்து வருகிறது. அம்மா எழுந்து போய்க் கேபிள் வயரைக் கழற்றப் பார்த்தார்.

ஆனால் ஒரு படத்தில் பேச்சு சரியாகப் புரியவில்லை. ஓடிடியில் அட்மாஸ் என்று போட்டிருந்தது, ரிசீவர் திரையில் "ஸ்டீரியோ" என்றுதான் வந்தது.

சாரல்கேமர் (செங்கோட்டை)

டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட், டிவியே சத்தத்தைப் பிரித்து ஸ்டீரியோவாக அனுப்பும் "பிசிஎம்" என்று இருக்கும். அதை "பாஸ் த்ரூ" அல்லது "ஆட்டோ" ஆக்குங்கள். வயர் டிவியில் ஆர்க் என்று எழுதிய போர்ட்டில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லா போர்ட்டும் ஆர்க் இல்லை. கடைசியாக, உங்கள் ஓடிடி பிளானில் அட்மாஸ் உண்டா என்று பாருங்கள். சிலவற்றில் மேல் பிளானில் மட்டும்தான் தருவார்கள்.

பனச்சமூட்டான்

பிசிஎம்தான்! மாற்றியதும் "அட்மாஸ்" என்று வந்துவிட்டது. சென்டரையும் 2 டெசிபல் ஏற்றிவிட்டேன், இப்போது அப்பாவுக்கு சப்டைட்டில் வேண்டாம். அவர் கண்டுபிடித்த வசதி வேறு. ரிசீவரில் எஃப்எம் இருக்கிறதாம். காலையில் ஐந்தரைக்கு ஐந்து ஸ்பீக்கரிலும் நாகர்கோவில் வானொலி ஓடுகிறது. இவ்வளவு காசு போட்டு நான் வாங்கியது அவருக்கு ஒரு ரேடியோ.

நகரிக்காரன்

தம்பி, அந்த மைக்கை ஒரு வாரம் கூரியரில் அனுப்ப முடியுமா? என் 1000 வாட்டை ஒருதரம் அளந்து பார்க்கிறேன்.

சவுண்டுப்பைத்தியம் (கொழிஞ்சாம்பாறை)

அண்ணே, அந்த மைக் அந்த ரிசீவரோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும், உங்கள் பெட்டியில் அதைச் செருக இடமே இருக்காது. கொழிஞ்சாம்பாறை பக்கம் வந்தால் என்னிடம் யுஎஸ்பி மைக் இருக்கிறது. லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பழையசோல்டர் (நாகர்கோவில்)

பனச்சமூட்டான் தம்பி, கொசுவலை அடித்தாயா இல்லையா? அதைச் சொல்லவே இல்லை.

பனச்சமூட்டான்

ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறேன் அண்ணாச்சி.

பழையசோல்டர் (நாகர்கோவில்)

இன்றைக்கே அடி.